அழித்த வரி

சின்னு,

இல்லை, நான் சொல்லவில்லை. நான்கு மாதத்துக்கு முன் நீ ஒரே வரியில் கேட்டாய், என் நேர்முகத் தேர்வைப் பற்றி நீதானே என் வீட்டுக்காரரிடம் சொன்னாய் என்று. அதன் பிறகு நீ எழுதவே இல்லை. அன்றைக்குத் தொலைபேசியில் மறுத்தபோது என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது, ஏனென்றால் அது தெரிந்த ஒரே ஆள் நான். இன்று பதில் கிடைத்துவிட்டது. நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகம்தானே என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக முடியவில்லை, அதனால் கேட்கிறேன்: சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா. இதைக் கையால் எழுதி உன் பரிசோதனைக்கூடத்து முகவரிக்கு அனுப்புகிறேன். காரணம், நம் வீட்டுக் கணினி.

ஆறு மாதமாக அதற்குச் சீக்கு. பொத்தானை அழுத்திவிட்டுப் பாத்திரம் கழுவி, துணி காயப்போட்டு வந்தால் அப்போதுதான் கண் விழிக்கும். விழித்ததும் விளம்பரம். வழுக்கைக்கு எண்ணெய், வீட்டிலிருந்தே வேலை, வாழ்த்துகள் நீங்கள் வென்றுவிட்டீர்கள். ஒன்றை மூடினால் இரண்டு முளைக்கும். அப்பா திருதிருவென விழித்துவிட்டு ஒப்புக்கொண்டார், இலவசச் சதுரங்கம் ஒன்றை இறக்கியிருக்கிறார், அது தன் சுற்றத்தையெல்லாம் கூட்டி வந்துவிட்டது. எண்ணெய் விளம்பரத்தை மட்டும் அவர் மூடாமல் படித்தார் என்று எனக்குச் சந்தேகம். கடைசியில் அச்சகத்துக்கு எதிரே பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவளை அழைத்தோம். தெருவில் எல்லோருக்கும் அவள் திருகாணி அக்கா. காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளி. வந்ததும் இணைய வயரைப் பிடுங்கினாள். பிறகு உள்ளே இருப்பவற்றையெல்லாம் வந்து சேர்ந்த தேதி வாரியாக வரிசைப்படுத்தி, வேண்டாததை ஒவ்வொன்றாக நீக்கினாள். சதுரங்கம் போனபோது அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒன்று மட்டும் போகவில்லை. அச்சுப்பொறி உதவி என்று அதற்குப் பெயர். நம்மிடம் அச்சுப்பொறியே கிடையாது. நீக்கப் போனால் கடவுச்சொல் கேட்டது. அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சொன்னாள், “விளம்பரமெல்லாம் கொசும்மா, அடிச்சாச்சு. இது கட்டிலுக்கு அடியில படுத்திருக்கிற ஆளு.”

நான் தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் அது எடுத்து வைத்துக்கொண்டு, தினமும் ஒரு முகவரிக்கு அனுப்புகிறது. முகவரியைக் காட்டினாள். மாப்பிள்ளையின் பெயர், பக்கத்தில் பிறந்த ஆண்டு. வந்து சேர்ந்த தேதி, நீங்கள் இருவரும் இங்கே தங்கிய அந்த ஞாயிறு. ரொம்ப மெதுவா இருக்கே அத்தை, நான் சரி பண்ணித் தர்றேன் என்று மூன்று மணி நேரம் உட்கார்ந்தார். பாம்புக்குப் பால் வார்த்த கதை கேட்டிருக்கிறேன். நான் இரண்டு முறை தேநீர் வார்த்தேன்.

உனக்கு எழுதும்போது பாதியை அழிப்பவள் நான். ஒருநாள், அவர் சிரிக்கும்போது கண் சிரிப்பதில்லை என்று தட்டினேன். பெற்றவள் எழுதும் வரியா இது என்று அழித்துவிட்டேன். அது உனக்கு வரவில்லை, யாருக்கும் போகவில்லை. அடுத்த வாரம் வீடியோவில் பேசும்போது முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுவந்து அவர் கேட்டார், “இப்ப என் கண்ணு சிரிக்குதா அத்தை?” தற்செயல் என்று எண்ணிக்கொண்டேன். அன்று கண்ணாடி முன் நின்று நானும் சிரித்துப் பார்த்தேன். தேர்வு எத்தனை மணிக்கு, என்ன உடுத்தப் போகிறாய் என்றெல்லாம் உனக்குத் தட்டினேனே. அப்படிப் பார்த்தால் என் விரல்கள் சொல்லியிருக்கின்றன. அதை வைத்துத்தான் அவன் உனக்கு முன்னால் தேர்வு நடந்த கட்டடத்துக்குப் போய், உனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித் தேர்வை ரத்து செய்யவைத்தான். பழியை என் மேல் போட்டான். ஒரே கல்லில் உன் வேலையும் உன் அம்மாவும். அவன் என்று எழுதிவிட்டேன், பார். ஏழு வருடம் அவர் என்றே எழுதிய கை.

நீக்கட்டுமா என்று திருகாணி அக்கா கேட்டாள். வேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் தேதியோடு இரண்டு பிரதி எடுக்கச் சொன்னேன், ஒன்று நாங்கள் போய்ப் பார்த்த ஒரு வக்கீலம்மாவிடம் இருக்கிறது. பிடுங்கிய வயரை மறுபடி செருகச் சொன்னேன். எனக்குப் பழிவாங்க வராது என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். வயிறு எரிந்தால் எல்லாம் வருகிறது.

உன் தோழி போன வாரம் அப்பாவின் அலுவலகத்துக்குப் பேசினாள். அந்தத் தேர்வு வைத்தவர்கள் உன்னை மறுபடி அழைத்து வேலை கொடுத்துவிட்டார்கள், பதினான்காம் தேதி கிளம்புகிறாய், எங்களுக்குத் தெரிய வேண்டாம் என்றாயாம். அவளைத் திட்டாதே. நீ எனக்கு எழுதாததுதான் உன்னைக் காப்பாற்றியது, அதை எழுதவே வலிக்கிறது. ஆனால் அன்று அவன் உன் ஊரில் இருக்கக் கூடாது. அவன் கேட்கிற ரகம் இல்லை, வந்து நிற்கிற ரகம். வந்து நிற்கட்டும், இங்கே, பத்து மணி நேரப் பயணம் தள்ளி. அதே நாற்காலியைத் துடைத்து வைத்திருக்கிறேன். வக்கீலம்மா வருவார், திருகாணி அக்கா கடையை மூடிவிட்டு வருகிறாளாம். வாங்க மாப்பிள்ளை, அச்சுப்பொறி கொண்டுவந்தீங்களா என்று கேட்கப் போவதாக அப்பா குளியலறையில் ஒத்திகை பார்க்கிறார். நான் அனுப்பும் வரியை அவன் சந்தேகப்படலாம். அழிக்கும் வரியை நம்புவான்.

சான்றிதழ்களின் அசலை எடுத்துக்கொள், நகல் போதாது. அவன் வாங்கித் தந்த தொலைபேசியை வீட்டிலேயே விட்டுவிடு. கடவுச்சொற்களைப் போய்ச் சேர்ந்த பிறகு வேறு கணினியில் மாற்று, அதற்கு முன் தொடாதே, உஷாராகிவிடுவான். இதைப் படித்ததும் பரிசோதனைக்கூடத்திலேயே கிழித்துப்போடு. நீ கால் வைக்கும் இடம் உனக்கு நல்ல இடமாக இருக்கட்டும், கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கட்டும். அவனுக்கும் என் ஆசி உண்டு. நீண்ட ஆயுளோடு இருக்கட்டும், மறக்காமல்.

உன்னிடம் பொய் சொல்லாத
அம்மா

பின்குறிப்பு: உறையை ஒட்டும் முன் கணினியைத் திறந்தேன். என் தங்கைக்கு எழுதுவதுபோல், பதினான்காம் தேதி காலை பத்து மணிக்கு வக்கீல் நம் வீட்டுக்கு வருகிறார், சின்னு எழுதியதையெல்லாம் அவரிடம் கொடுக்கப் போகிறேன், மாப்பிள்ளை வந்துவிட்டால் காரியம் கெட்டுவிடும் என்று தட்டினேன். இரண்டு முறை படித்தேன். பிறகு ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன்.