கவர்னர் திருகை யார் தொட்டது?

நெப்ராஸ்கா
ஆகஸ்ட் 12, 1987

அன்பு மகள் மர்லாவுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு சுகமாகவே இருக்கிறோம், அலாஸ்காவில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி டீனாவும் அப்படியே இருக்க வேண்டும். நீ ஃபோனில் வாய்க்குள்ளேயே பேசுகிறாய், டீனாவோ தாத்தாவிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று போன மாதம் கோபித்துக்கொண்டு ஃபோனை வைத்தேன் அல்லவா, அதனால்தான் கடிதம்.

மக்காச்சோளம் ஆள் உயரம் தாண்டிவிட்டது. என் கவலையெல்லாம் நம் பழைய சின்ன டிராக்டர்தான். எஞ்சின் கட்டுமீறி ஓடாமல் பிடித்து வைக்கும் கவர்னரை நான் காதால் கேட்டேதான் திருகி வைப்பேன், வேகம் காட்டும் கருவியைத் தொட்டதில்லை, உனக்குத் தெரியும். ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் சரியாக வைக்கிறேன், அடுத்த சனிக்கிழமை வேகம் குறைந்து கிடக்கிறது. சந்தேகம் வந்து, அம்மாவின் நகப்பூச்சை வாங்கித் திருகின் மேல் சிவப்புக் கோடு போட்டேன். எதற்கு என்று கேட்காமல் கொடுத்தாள், அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரே வாரத்தில் கோடு அரைச் சுற்று நகர்ந்திருந்தது. பக்கத்துப் பண்ணை டெல்மர்மேல்தான் எனக்குச் சந்தேகம். கண்காட்சியில் டிராக்டரால் பளு இழுக்கும் போட்டிக்கு என்னோடு அவனும் பெயர் கொடுத்திருக்கிறான். நாற்பது வருஷம் நம் வீட்டுக் காப்பியைக் குடித்தவன் இப்படிச் செய்வானா என்று நினைத்து நினைத்து, இனி அவனை வாசலில் ஏற்றுவதில்லை என்று முடிவே செய்துவிட்டேன்.

போன ஞாயிறு வயிற்றுவலி என்று சொல்லி அம்மாவைத் தனியே பூசைக்கு அனுப்பிவிட்டுச் டிராக்டரைப் பார்த்தபடி சோளக் கிடங்குக்குள் உட்கார்ந்திருந்தேன். ஏப்ரலிலிருந்து பூசைக்குப் பிந்தியே வரும் டெல்மர், ஸ்பேனரும் வேகம் காட்டும் கருவியுமாக வந்தான். திருட்டுப் பயலே என்று கத்திக்கொண்டு வெளியே வந்தேன். அவன் ஓடவில்லை. எஞ்சினைக் கிளப்பி, சுழலும் தண்டில் கருவியை வைத்து என் மூக்குக்கு நேரே நீட்டினான். நிமிடத்துக்கு ஆயிரத்து எண்ணூறு சுற்றில் நிற்க வேண்டிய முள் இரண்டாயிரத்து நானூறில் நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு என் காதருகே வந்து, "டேய் ரூடி, நாலு மாசமா உன் எஞ்சின் அலறுறது ஊருக்கே கேக்குது, உனக்கு மட்டுந்தான் கேக்கல. நீ ஏத்தி வைக்கிற, நான் வந்து எறக்கி வைக்கிறேன். வெடிச்சா உன் மூஞ்சிலதாண்டா வெடிக்கும்" என்றான். ஏன் நேரில் சொல்லவில்லை என்றதற்கு, "காது மந்தமாயிடுச்சுன்னு உன் பொண்டாட்டி ஆர்லீன் சொன்னதுக்கே ஒரு வாரம் பேசாம இருந்தியே, என்னை விட்டுவைப்பியா" என்றான். கோபத்தில் ஸ்பேனரைப் பிடுங்கினேன். பிறகு எனக்கு வெட்கமாக இருந்தது, பிடுங்கிய ஸ்பேனரால் நானே ஆயிரத்து எண்ணூறுக்கு இறக்கி வைத்தேன். அவன் கருவியைப் பிடித்துக்கொண்டான்.

அம்மாவும் அவனும் சேர்ந்தே இதைச் செய்திருக்கிறார்கள், நீயும் இதில் கூட்டு என்று சந்தேகப்படுகிறேன். போகட்டும். வியாழக்கிழமை லிங்கன் நகரத்தில் காது டாக்டரைப் பார்க்கிறேன், டெல்மர்தான் கூட்டிப்போகிறான்.

கடவுள் உங்கள் மூவரையும் காக்கட்டும். குளிர் வருமுன் கார் பேட்டரியைப் பார்த்துவை. ஒன்றை மட்டும் மறைக்காமல் எழுது, அம்மாவைப் படித்துக்காட்டச் சொல்ல மாட்டேன், நானே படிப்பேன். ஃபோனில் டீனா இத்தனை நாளும் என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தாளா?

உன் அப்பா,
ரூடி