கொம்பனுக்கு வைத்த பொட்டு

நிலவுச் சுரங்கம், தென்துருவம். காலை 10.20

பதிபவர் மங்கையர்க்கரசி, துளைப் பொறியாளர். காற்றழுத்தம் சரி. இன்று ஆயுதபூஜை. ஸ்பேனர், வெட்டுக்கருவி, ரிமோட், துடைப்பம் வரை எல்லாம் கூடத்தில் சாமி படத்தின் முன் அடுக்கியாயிற்று. நாளைக் காலைவரை யாரும் தொடக்கூடாது. மதிய ஷிப்ட் எந்திரம் கொம்பனுக்கும் மாலை ஷிப்ட் எந்திரம் சுள்ளானுக்கும் நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து அப்பினேன். மெக்கானிக் சார்லஸ் தூத்துக்குடிக்காரன், வாய் சும்மா இருக்காது. "ஏ மங்கை, மாப்பிள்ளைக்கு மாலையும் போட்ரு. நான் மொய் எழுதுதேன்."

பகல் 1.05

பாஸ்கரன் செத்துவிட்டான். சமையல்காரன். கூடத்தில் சுடச்சுடச் சர்க்கரைப் பொங்கல் படைக்க இலை விரித்துக்கொண்டிருந்தான். மதிய ஷிப்ட் சங்கு ஊதியதும் கொம்பன் தானாக எழுந்து அவன் நெஞ்சில் துளையிட்டது. முனை முதுகு வழியாக வந்தது. அவனை இழுக்கப்போன என் இடது கை சக்கரத்தில் நசுங்கிவிட்டது. பூஜைக் கருவிகளும் ரிமோட்டும் அதே சக்கரத்தில் தூள்.

லேசர் சூடாக்கிய பாறையைத் தேடிப்போய்க் குடைவதுதான் கொம்பனின் வேலை. எதிரில் நிற்பது பாறையா ஆளா என்று பார்க்கும் கண் அதன் நெற்றியில் இருக்கிறது. அதன் மேல்தான் பொட்டு. கண்ணில் தூசி விழுந்தாலும் நிற்காதே என்று பழக்கி வைத்தவர்களும் நாங்களே. கடவுளே, ஷிப்டை நிறுத்த ஒருத்தருக்கும் தோன்றவில்லையே.

வானொலியில் சார்லஸ்: "ஒர்க்‌ஷாப்ல கெடக்கேன். கால் போச்சு. சனியன் என் கதவத்தான் குடையுது. நீ வெளிய வராத, கேட்டியா?"

1.20

நான் பூஜைச் சாமான் அறையில். இருப்பவை: பூசணிக்காய், கற்பூரம், தீப்பெட்டி, நல்லெண்ணெய், ஒரு துண்டு. இரும்பு என்று ஒரு ஆணிகூட இல்லை. ஸ்பேனர் இருந்திருந்தால் அதைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போய் இந்நேரம் செத்திருப்பேன். ஒன்றும் இல்லாததால் யோசிக்கிறேன்.

பூசணிக்காயில் கற்பூரம் ஏற்றி, கூடத்துக் கோடியில் இருக்கும் பழைய துளைக்குழியை நோக்கி உருட்டினேன். திரும்பினான் பாவி! ஆனால் பாதி வழியிலேயே எட்டிப் பிடித்துச் சிதறடித்தான். மறுபடி சார்லஸ் கதவு.

சூடு அவனை இழுக்கிறது. அந்தச் சூடு அவனுக்கு முன்னால் ஓட வேண்டும். அதற்குக் கால் வேண்டும்.

1.32

சார்லஸ்: "மங்கை, கதவு ஓட்ட விழுந்துட்டு. முனை தெரியுது. எங்க அம்மைட்ட..."

நான்: "வாயை மூடுடா. நீ போயிட்டா மொய் யாரு எழுதுவா?"

இடது கையில் முழங்கைக்குக் கீழே உணர்வில்லை. எப்படியும் போன கை. துண்டை எண்ணெயில் நனைத்து அதில் சுற்றினேன். மேலே கற்பூரம்.

1.45

உணர்வில்லை என்று நினைத்தது பொய்.

எரியும் கையைத் தூக்கிக்கொண்டு, "வாடா நாயே" என்று கத்திக்கொண்டே ஓடினேன். வந்தான். குழி விளிம்பில் துண்டைப் பிய்த்து உள்ளே எறிந்தேன். என் தோளைக் கிழித்துக்கொண்டு அதன் பின்னாலேயே தலைகுப்புற விழுந்தான். இன்னும் அடியில் குடைந்துகொண்டிருக்கிறான். குடையட்டும்.

சார்லஸ் அழுகிறான். உயிரோடு அழுகிறான். அது போதும்.

நேரம் தெரியவில்லை

சார்லஸைப் பார்க்கத் தவழ்ந்து வந்து மயங்கிவிட்டேன் போல. ஒர்க்‌ஷாப் வாசலில் கிடக்கிறேன். சார்லஸ் பேசவில்லை, மூச்சு மட்டும் வருகிறது.

என்னை எழுப்பியது சங்கு. மாலை ஷிப்ட் சங்கு.

பக்கத்துக் கொட்டகையில் விளக்கு வந்துவிட்டது. சுள்ளான் முனையைச் சுழற்றிப் பார்க்கும் சத்தம். அவனுக்குப் பொட்டு இன்னும் பெரிதாக வைத்திருந்தேன்.

எண்ணெய் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. இன்னொரு கையும்