சந்தைச் சுகாதார நிலையத்தின் மாரடைப்புச் சிகிச்சைப் பலகை

அனுப்புநர்:
மூட்டை தூக்கும் தொழிலாளி (வயது 68),
மூன்றாம் மாடி, காய்கறிச் சந்தைப் பின்தெரு.

பெறுநர்:
நகர சுகாதார அதிகாரி அவர்கள்.

பொருள்: இல்லாத சிகிச்சைக்குப் பலகை வைத்திருப்பது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஆண்டுதான் எழுதப் படிக்கக் கற்றேன். இந்த மனுவுக்கு நான்கு நாட்கள் ஆயின. எழுதுவதில் எனக்குள்ள மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. யார் உதவியும் இல்லாமல் நான் முதலில் படித்து முடித்தது தங்கள் சுகாதார நிலைய வாசல் பலகையைத்தான்: "மாரடைப்பு அவசர சிகிச்சை, இருபத்து நான்கு மணி நேரமும்." என் மனைவியைக் கூட்டி வந்து நிறுத்தி, உரக்கப் படித்துக் காட்டினேன்.

2. சென்ற மாதம் ஐந்தாம் தேதி காலையில் அவளுக்கு நெஞ்சு வலித்து, வியர்த்துக் கொட்டியது. ஆம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. ஆனால் சரக்கு இறக்கும் லாரிகள் வழியை அடைத்திருந்ததால் சந்தை முகப்பிலேயே நின்றது. அவளை என் தள்ளுவண்டியில் படுக்க வைத்தேன். உடன் வந்த கூட்டாளி, "அண்ணே, ஆம்புலன்ஸுக்கே போயிடலாம், இங்க ஒண்ணும் கிடையாது" என்றார். நான், "போர்டுல போட்டிருக்குப்பா, நானே படிச்சேன்" என்று சொல்லி, வண்டியை எதிர்ப்பக்கம், சுகாதார நிலையத்தை நோக்கித் திருப்பினேன்.

3. அங்கே அவசர சிகிச்சை அறையில் உடைந்த நாற்காலிகள் அடுக்கியிருந்தன. காவலாளி, "போர்டு மட்டும்தான் வந்துச்சு பெரியவரே, டாக்டர் இன்னும் வரல" என்றார். நெரிசலில் திரும்பி வந்து ஆம்புலன்ஸை அடைய முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவள் பிழைத்தாள். ஆனால் பாதி இதயம் செயலிழந்துவிட்டது என்று பெரிய மருத்துவமனையில் சொன்னார்கள். மாடி ஏற முடியாமல் தன் தங்கை வீட்டில் இருக்கிறாள். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

4. அந்தப் பலகை வெறும் பலகை என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எழுத்தறியாத காலத்தில் நானும் நாலு பேரைக் கேட்டுவிட்டுத்தான் போவேன். படிக்கத் தெரிந்ததால் கேட்கவில்லை.

5. சந்தையில் ஆம்புலன்ஸ் வர ஒரு வழியை எப்போதும் காலியாக வைக்கச் செய்யுங்கள். மருத்துவரையும் கருவிகளையும் அனுப்புங்கள். அதுவரை பலகையை இறக்கி வையுங்கள். நேற்றுகூட வெளியூர்க்காரர் ஒருவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்த தம் தந்தையை அங்கே அழைத்து வந்தார். அவருக்கும் படிக்கத் தெரியும். ஆகவே இதற்குக் கடிதத்தில் பதில் வேண்டாம் ஐயா. இன்றே ஆளை அனுப்புங்கள்.

நாள்: மூன்றாம் தேதி, திங்கள்
இடம்: சந்தைப் பின்தெரு

தங்களை இன்னும் ஒருமுறை நம்பும்,
(கையொப்பம். கைநாட்டு அல்ல.)