பெரிய கேமராவை ஏன் கொடுத்தேன் என்றால்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மூட்டுவலி ஒன்றைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் வாலுப் பயலும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. அப்பாவின் பெரிய கேமராவை உனக்கென்று எடுத்து வைக்கச் சொன்னாய். அது இப்போது வீட்டில் இல்லை. கொடுத்துவிட்டேன். போனில் சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், பேச்சு பாதியில் நின்றுவிடும், அதனால்தான் எழுதுகிறேன். முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

அப்பா போய் ஐந்து மாதம் ஆகிறது. அப்பாவின் கேமராக்கள் இருக்கிற அலமாரியைத் திறக்கவே எனக்குக் கை வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார் வந்து, விற்கிற எண்ணம் இருந்தால் பார்க்கிறேன் என்றார், அன்றுதான் திறந்து எடுத்து மேஜையில் வைத்தேன். அவரை உனக்குத் தெரியுமே, பூங்காவில் குருவி படம் எடுக்கிறவர், வருஷத்துக்கு ஒரு கேமரா வாங்கிப் பூட்டி வைக்கிறவர். வாத்தியாரே, பீரோவுக்குள்ள அது என்ன படம் புடிக்குதுன்னு அப்பா கேலி பண்ணுவார். வாத்தியார் பாவம், கேமராவைத் தொடுவதற்கு முன்னால் போனை எடுத்து எத்தனை மெகாபிக்சல், எந்த வருஷத்து மாடல், அட்டைப்பெட்டி இருக்கா, பில் இருக்கா என்று பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் கழுத்தில் மாட்டிப் பார்த்து, இத தூக்கிட்டு வாக்கிங் போனா கழுத்து போயிரும்மா, வீட்டுக்காரி வேற ஏசுவா என்று சிரித்துவிட்டுக் கழற்றி வைத்தார். தப்புச் சொல்ல முடியாது. பொழுதுபோக்குக்கு எடுக்கிறவர்களுக்கு ஆசையும் வேண்டும், கழுத்தும் வேண்டும்.

அவர் போனதும் ஒட்டகம் வந்தான். முன்னும் பின்னும் பை மாட்டிக்கொண்டு திரிவானே, அப்பா பெயர் வைத்தாரே, அப்பா மாதிரியே கல்யாணப் படம் எடுக்கிற அந்தப் போட்டோக்காரத் தம்பிதான். சும்மா என்னைப் பார்க்கத்தான் வந்தான். அவனுடைய கேமரா ஒரு கல்யாண மண்டபத்துப் படியில் விழுந்து உடைந்துவிட்டதாம், அடுத்த வாரம் வேறொரு கல்யாணம் இருக்கிறதாம். மேஜையில் பெரிய கேமராவைப் பார்த்ததும் ஒருதரம் தொட்டுப் பாக்கட்டுமாம்மா என்று கேட்டான். பாப்பா தனக்கென்று கேட்டிருக்கிறாள், நீ பார் என்றேன். எந்த வருஷம் என்றே கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாக விரலால் தடவிப் பார்த்தான். ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்கு என்று கேட்டான். கார்டு போடுகிற இடம் இரண்டு இருக்கிறதா என்று திறந்து பார்த்து, ஒண்ணு மக்கர் பண்ணாலும் இன்னொண்ணு காப்பாத்தும், தாலி கட்டுனத மறுபடியும் கட்டுன்னா சொல்ல முடியும் என்றான். அப்பாவே பேசுகிற மாதிரி இருந்தது. பிறகு லென்ஸை மாட்டி, எதைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தான்.

பாப்பா, அப்போது நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். உனக்கு ஞாபகம் இருக்கும், எந்த லென்ஸ் வாங்குவதானாலும் அப்பா கடைக்காரர் பேச்சை நம்ப மாட்டார். இரண்டு நாளைக்கு இரவல் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, அடுப்பில் என்ன கொதித்தாலும் என்னை இழுத்துப்போய்ப் பின்வாசல் கதவில் நிறுத்துவார். பாதி முகம் வெயிலில், பாதி முகம் நிழலில். எடுத்த படத்தைப் பெரிசாக்கி, என் காதோரத்து முடி இழை இழையாகத் தெரிகிறதா, கதவு நிலையின் ஓரம் மங்காமல் வந்திருக்கிறதா என்று அரைமணி நேரம் பார்ப்பார். எப்படி இருக்கேன்னு கேட்டால், உன்ன யாருடி பாத்தா, ஓரத்தப் பாக்குறேன் என்பார். முப்பது வருஷமா ஓரத்தையே பாருங்க, நடுவுல ஒருத்தி நிக்கிறா என்று நானும் விடமாட்டேன். அந்தப் பழக்கம்தான். அந்தத் தம்பி சுற்றிப் பார்த்ததும், நான் எழுந்துபோய்ப் பின்வாசல் கதவில் நின்று, முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, முகத்தைத் திருப்பிவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. அவன் முழித்தான். சுவத்த எடுக்கலாம்னு பாத்தேம்மா என்றான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நகரப் போனேன். இருங்கம்மா, அசையாதீங்க என்று சொல்லி எடுத்தான். ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தச் சத்தம் வீட்டில் கேட்டது. அவனும் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்து, ஓரம் சுத்தமா இருக்கும்மா என்றான். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அழுது முடித்து, நீயே கொண்டு போ என்றேன். பாப்பாவுக்குன்னு சொன்னீங்களே, வேண்டாம்மா என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். அவகிட்ட நான் எழுதிக்கிறேன் என்று சொல்லி நான்தான் பையில் வைத்தேன். விலையெல்லாம் நியாயமாகத்தான் கொடுத்தான், அதை விடு.

உனக்கு அந்தக் கேமரா எதற்கு என்று எனக்குத் தெரியாதா? அது அப்பா கழுத்தில் தொங்கினது, அதனால் கேட்டாய். ஆனால் ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் காய்கறிப் பையோடு அந்தப் பாரத்தை நீ எங்கே தூக்குவாய்? பத்திரமாக இருக்கட்டும் என்று உள்ளே வைத்துவிடுவாய். இங்கே ஐந்து மாதம் அது உள்ளே கிடந்ததை நான் பார்த்துவிட்டேன், இனி அங்கேயும் கிடக்க வேண்டாம். உனக்குச் சின்ன கேமராவை அனுப்புகிறேன், மாப்பிள்ளையின் அக்கா வரும்போது கொண்டு வருவார். அப்பா வீட்டுக்கென்று வைத்திருந்தது. உன் முதல் சைக்கிள், முன்பல் விழுந்த சிரிப்பு எல்லாம் அதில் எடுத்ததுதான். அதில் தூரத்தைக் கிட்டே இழுக்க முடியாது, காலால் நடந்துதான் கிட்டே போகவேண்டும். வாலுப் பயல் பின்னால் ஓடுகிறவளுக்கு அது போதும். பெரிய கேமராவின் கழுத்துப் பட்டையை மட்டும் நான் கொடுக்கவில்லை. கழற்றி வைத்துக்கொண்டேன். சின்னதின் வளையத்துக்கு அது அகலமாக இருந்ததால், செருப்புத் தைக்கிறவரிடம் கொடுத்து நுனியை ஒடுக்கித் தைத்து மாட்டியிருக்கிறேன். உள்பக்கம் அப்பாவின் வியர்வை பட்டு வெளுத்திருக்கும். துவைத்துவிடாதே.

நீயும் உன் குடும்பமும் குறைவில்லாமல், சிரித்த முகமாக நீண்ட நாள் வாழவேண்டும். கோபம் இருந்தால் இரண்டு நாள் வைத்திருந்துவிட்டு மூன்றாம் நாள் போன் பண்ணு. கேமராவை ஒரு மாதம் தொடாமல் இருந்தால் பேட்டரியைக் கழற்றி வைக்கவேண்டும் என்று அப்பா சொல்வார். அதைக் கழற்றுகிற வேலையே உனக்கு வரக்கூடாது.

என்றும் உன் நினைவாக,
அம்மா