காரணம்: டெல்மா

சிறை, மிச்சிகன்
மார்ச் 3, 2002

என் டெல்மாவுக்கு,

குளிர் விட்டுவிட்டது என்று காவலர்கள் பேசிக்கொள்கிறார்கள். கேட்டதும் எனக்கு வண்டி ஞாபகம்தான் வந்தது. அவசரப்பட்டு வெளியே எடுக்காதே. பனிக்குப் போட்ட உப்பு இன்னும் ரோட்டில் இருக்கும். இரண்டு நல்ல மழை பெய்து கழுவட்டும். அப்புறம் வழக்கம்போல ஞாயிற்றுக்கிழமை பத்து மைல்.

இரண்டு நல்ல சேதி. ஜூலை 30 அன்று பரோல் குழு என்னைக் கூப்பிட்டிருக்கிறது. "உங்க வீட்டம்மா ஒரு கடுதாசி எழுதிட்டா போதும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்கிறார் வக்கீல். புதிதாக ஒன்றும் வேண்டாம், கோர்ட்டில் சொன்னதையே எழுது. கல்யாணமான நாள் முதல் உன்மேல் நான் கை வைத்ததில்லை, எல்டனை அடித்தது குடிவெறியில் ஒரே ஒரு நாள் நடந்துபோனது. அடிபட்டவன் உன் தம்பி என்பதால் உன் பேச்சுக்கு எடை அதிகம்.

இரண்டாவது, வண்டி. ஜூலை 13 பழைய வண்டிக் கண்காட்சியில், பெயின்ட்கூடத் தொடாத அசல் வண்டிகளுக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறார்கள். நம் பிளிமத்தைப் பதிவு செய். '69இல் நான் புதிதாக வாங்கியபோது இருந்த அதே பச்சை பெயின்ட்! புது பெயின்ட் எந்தக் கழுதையும் அடிக்கலாம், அசல் பெயின்ட் போனால் போனதுதான். சான்றிதழ் வாங்கிவிட்டால் அதற்கு நிகர் இந்த மாநிலத்திலேயே இருக்காது. வழக்குக்கு முன்னால் வண்டியை உன் பேருக்கு மாற்றியது எவ்வளவு புத்திசாலித்தனம் பார். இல்லாவிட்டால் நஷ்ட ஈடென்று பிடுங்கியிருப்பார்கள்.

பின் சீட்டைத் தூக்கு. ஸ்பிரிங்குக்குள், வண்டி செய்தபோது பாக எண்களைக் குறித்த தொழிற்சாலைத் தாள் ஒன்று செருகியிருக்கும், கிழியாமல் எடு. அதோடு என் நோட்டும் வேண்டும். எந்தப் பாகம் எப்போது, ஏன் மாறியது என்று எல்லாம் அதில் இருக்கிறது. நோட்டு இல்லாத வண்டியை நடுவர்கள் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

உன் வெர்லின்

*

ஃபிளின்ட்
மார்ச் 17, 2002

அன்பான வெர்லினுக்கு,

மழை ஒன்றுதான் பெய்திருக்கிறது. இரண்டாவதற்குக் காத்திருக்கிறேன். உங்கள் கடிதத்தில் வண்டியை ஆறு இடத்தில் விசாரித்திருக்கிறீர்கள். என் முழங்கால் எப்படி என்று ஒரு வரி கேட்டிருக்கலாம். வலி இருக்கிறது, பரவாயில்லை.

எல்டனுக்கு ஜனவரியில் மூன்று முறை வலிப்பு வந்தது. மருந்தை மாற்றியபின் இல்லை. பதினோரு வருஷத்தில் பதினோரு வார்த்தை சேர்த்திருக்கிறான். அக்கா, தண்ணி, வேண்டாம், நாய், இப்படி. வலது கை சூப்பைச் சிந்துகிறது, இடது கையால் பிரஷ் பிடித்து வேலிக்கு வெள்ளை அடிக்கிறான். நன்றாகவே அடிக்கிறான்.

தாளை எடுத்துவிட்டேன். எலி ஒரு மூலையைத் தின்றிருக்கிறது, எழுத்துக்குச் சேதமில்லை. அதில் உங்கள் பெயரைத் தேடினேன், எண்கள்தான் இருந்தன. நோட்டு இருக்கும் இரும்புப் பெட்டி பூட்டியிருக்கிறது. சாவி எங்கே?

பரோல் குழுவுக்கு எழுத உட்கார்ந்தேன். "என் கணவர்" என்று தொடங்கியதோடு நிற்கிறது. எழுதிவிடுவேன். நீங்கள் வீட்டில் இல்லாமல் எனக்கும் பழகிப்போய்விட்டது, அதனால் கை தயங்குகிறது போல.

உங்கள் டெல்மா

*

சிறை
ஏப்ரல் 8, 2002

டெல்மா,

சாவி பழைய கார்புரேட்டருக்குள் இருக்கிறது. நோட்டில் ஒரு வரியையும் அழிக்காதே, ஒரு பக்கத்தையும் கிழிக்காதே. மனிதர்களிடம் ஆயிரம் பொய் சொல்லலாம், வண்டி விஷயத்தில் சொல்லக் கூடாது. நான் சொன்னதில்லை. கீறல் என்றால் கீறல், கறை என்றால் கறை. நடுவர்கள் அந்த நேர்மைக்குத்தான் மதிப்பெண் போடுவார்கள்.

இன்னொரு வேலை. ஜாக்கியோடு வந்த வீல் ஸ்பானர் இன்னும் கோர்ட்டில் சாட்சிப் பொருளாகக் கிடக்கிறது. வழக்குத்தான் முடிந்ததே, திருப்பித் தரச் சொல்லி எழுது. வேறு ஸ்பானர் வைத்தால் இரண்டு மதிப்பெண் குறைப்பார்கள். அவர்கள் அதில் சீட்டு ஒட்டியிருப்பார்கள், கத்தியால் சுரண்டாதே, வெந்நீரில் ஊறவை. ரத்தம் ஏதும் ஒட்டியிருந்தால் எண்ணெய்த் துணி போதும்.

எல்டனைப் பற்றி. நான் வந்தபின் மூன்று பேர் ஒரே கூரையின் கீழ் சரிப்படாது. இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொள்ளும் கவுன்டி விடுதியில் இப்போதே பேர் கொடுத்து வை. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

வெர்லின்

*

ஃபிளின்ட்
மே 12, 2002

வெர்லினுக்கு,

பெட்டியைத் திறந்தேன். நோட்டை இரண்டு நாள் படித்தேன். உங்கள் கையெழுத்து அவ்வளவு அழகு என்று எனக்குத் தெரியாமலே போயிற்று. எனக்கு நீங்கள் அப்படி எழுதியதே இல்லை.

"1971 ஆகஸ்ட் 8. வலது கதவுக் கண்ணாடி மாற்றியது. காரணம்: டெல்மா." அது என் நெற்றி. நான்கு தையல் போட்டார்கள், படியில் விழுந்தேன் என்று டாக்டரிடம் சொன்னேன். நீங்கள் ஆஸ்பத்திரிக்கு வராததை வெட்கத்தினால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டி செய்த அதே மாதத்தின் முத்திரை உள்ள கண்ணாடியைத் தேடி மூன்று வாரம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தீர்களாம், கடை கடையாக எழுதியிருக்கிறீர்கள்.

"1976 நவம்பர் 21. பின் சீட்டில் ரத்தக் கறை. குளிர்ந்த நீர், உப்பு, இருமுறை. உறை மாற்றவில்லை. காரணம்: டெல்மா." அது நம் குழந்தை, வெர்லின். ஐந்தாம் மாதம். வயிற்றில் உதைத்துவிட்டு என்னைப் பின் சீட்டில் போட்டு ஓட்டினீர்கள். அது இருந்ததற்கு எழுத்தில் உள்ள ஒரே சாட்சி இந்த வரிதான்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பத்தொன்பது இடத்திலும் காரணம் என்று என் பேரை ஏன் எழுதினீர்கள்?

டெல்மா

*

சிறை
ஜூன் 2, 2002

டெல்மா,

காரணம் என்றால் காரணம்தான். நீ வாயை மூடிக்கொண்டு வந்திருந்தால் அந்தக் கண்ணாடி உடைந்திருக்குமா? தன் தப்பை மறைத்து எழுதுகிறவன் நான் இல்லை, யார் தப்போ அவர் பேரை எழுதினேன். அது வண்டியின் சரித்திரம், உன்னுடையது இல்லை. பழசைக் கிளறி இப்போது என்ன கிடைக்கப்போகிறது?

இங்கே கடிதங்களைப் படிக்கிறார்கள், அதனால் அளந்து எழுதுகிறேன். நான் ஆகஸ்டில் வீட்டில் இருப்பேன். வந்ததும் நீயும் நானும் உட்கார்ந்து நிதானமாகப் பேசுவோம், என் பேச்சு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். எல்டனுக்கும் தெரியும்.

பரோல் கடிதம் எங்கே? ஜூன் பதினைந்துக்குள் வக்கீல் கைக்குப் போக வேண்டும். பின் சீட்டை வெயிலில் வைக்காதே, வெளுத்துவிடும்.

வெர்லின்

*

ஆகஸ்ட் 20, 2002

வெர்லின்,

இந்தக் கடிதத்தில் ஊர்ப்பெயர் இல்லை, தேடாதே. பரோல் மறுத்துவிட்டார்கள் என்று வக்கீல் சொல்லியிருப்பார். ஏன் என்று நான் சொல்கிறேன்.

ஜூலை 13 அன்று நீ சொன்னபடியே வண்டியைக் கொண்டுபோனேன். நோட்டை என்னைத் தவிர இன்னொருவர் சத்தமாகப் படித்துக் கேட்க வேண்டும் போலிருந்தது. நான் மட்டும் படித்தால் நடந்ததா இல்லையா என்றே சந்தேகம் வருகிறது. வான்டர்வீன் என்று ஒரு கிழவர்தான் நடுவர், வெள்ளைக் கையுறையும் டார்ச்சுமாக வந்தார். வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துக்கொண்டே "அடேயப்பா, அடேயப்பா" என்றார். கேட்டிருந்தால் உனக்கு மனசு குளிர்ந்திருக்கும். பிறகு டிக்கியைத் திறந்து மூடியின் உள்பக்கம் டார்ச் அடித்தார்.

"பூட்டுகிட்ட கீறலா இருக்கே. எலியாம்மா?"

"நோட்டுல இருக்கும், பாருங்க" என்றேன்.

புரட்டினார், படித்தார். "1983 ஜூன் 19. டிக்கி மூடி உள்பக்கம் ஒன்பது கீறல். பெயின்ட் தொடவில்லை. காரணம்: டெல்மா." சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். "டெல்மா யாரு, உங்க நாயா?"

"நான்தாங்க."

அவர் டார்ச்சை அணைத்தார். கையுறையைக் கழற்றினார். "எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"பந்தயத் திடல்லேர்ந்து வீடு வரைக்கும். நாப்பது மைலு. அவரு தோத்துட்டாரு அன்னிக்கி."

அங்கேயே புல்லில் உட்கார்ந்து பத்தொன்பதையும் படித்தார். முடித்துவிட்டு, "முப்பது வருஷமா இந்த வேலை பாக்கறேன்மா. இவ்ளோ சுத்தமா எழுதின நோட்டைப் பாத்ததில்ல. பாவி, ஒண்ணுகூட விடல" என்றார். அவர் அழுததும் எனக்கும் அழுகை வந்தது, வெர்லின். பதினோரு வருஷத்துக்கு முன் கோர்ட்டில் வந்திருக்க வேண்டிய அழுகை. நீ என்னைத் தொட்டதே இல்லை என்று அன்று பைபிள் மேல் கை வைத்துச் சொன்னேன். என் பெட்டியைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த எல்டனை, பின்னாலிருந்து மூன்று முறை அதே ஸ்பானரால் அடித்தாய். அவனை அப்படிக் கிடத்திய உனக்காகப் பொய் சொன்னேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

ஆவணங்களுக்கு நூற்றுக்கு நூறு கிடைத்தது. ஸ்பானருக்கு இரண்டு குறைத்தார்கள். சான்றிதழோடு நோட்டு முழுவதையும் நகலெடுத்து, கீறலின் படமும் சேர்த்துப் பரோல் குழுவுக்கு அனுப்பினேன். கோர்ட்டில் பொய் சொன்னேன் என்று என் கடிதத்தையும் வைத்தேன். உன் ஏப்ரல் கடிதத்தையும்தான், வண்டி விஷயத்தில் நீ பொய் சொன்னதில்லை என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

இனி வண்டி சேதி. உட்கார்ந்துகொண்டு படி.

எல்டனுக்கு ஒரு டப்பா மஞ்சள் பெயின்ட் வாங்கிக் கொடுத்தேன், கொட்டகைகளுக்கு அடிப்பது. பானெட்டில் தொடங்கினான். மூன்று நாள் இடது கையாலேயே முழு வண்டியையும் அடித்தான். உன் பச்சை எங்கும் தெரியவில்லை. கண்ணாடிகளைக் கழற்றினேன், நீ மூன்று வாரம் தேடிய கண்ணாடியையும். பின் சீட்டைப் பிடுங்கி, குழந்தைக்காக ஒரு ஜெபம் சொல்லிவிட்டு எரித்தேன். கதவுகளைச் சங்கிலி போட்டுக் கட்டினேன். இதெல்லாம் எதற்கு என்று இந்நேரம் உனக்குப் புரிந்திருக்கும்.

ஆமாம். 17ஆம் தேதி, கவுன்டி திருவிழாவில், வண்டிகளை ஒன்றோடொன்று மோதவிடும் போட்டி, கடைசிவரை ஓடும் வண்டிக்குப் பரிசு. பெண்கள் சுற்றில் நான் மட்டும்தான் ஐம்பது தாண்டியவள். "அம்மா, இது '69 பிளிமத் ஜிடிஎக்ஸ்ஸா? பைத்தியமா உங்களுக்கு?" என்று கொடிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "பேப்பர் எம்பேர்ல இருக்குங்க" என்றேன்.

முன்னால் இடித்தால் ரேடியேட்டர் போய்விடும், பின்பக்கத்தால்தான் இடிக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ரிவர்ஸ் போட்டு மிதித்தேன். அந்த எஞ்சின் என்ன எஞ்சின், வெர்லின்! எதற்கு அவ்வளவு பிரியம் வைத்தாய் என்று அன்றுதான் புரிந்தது. முதல் இடியில் என் பல் நாக்கைக் கடித்தது. வாயில் ரத்தச் சுவை வந்ததும் பழைய பயம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. ஒரு நீல வண்டியின் கதவை உள்ளே தள்ளினேன். ஒரு ஸ்டேஷன் வேகனை மண்மேட்டில் ஏற்றினேன். என்னை ஐந்து பேர் இடித்தார்கள், நான் ஒன்பது பேரை இடித்தேன். டிக்கி நசுங்கி நசுங்கிப் பின் சீட் இருந்த இடம்வரை வந்துவிட்டது. இனி அதற்குள் யாரையும் படுக்கவைக்க முடியாது.

எல்டன் வேலியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு இடிக்கும் கத்தினான். "இன்னொண்ணு! அக்கா, இன்னொண்ணு!" அது பன்னிரண்டாவது வார்த்தை.

மூன்றாவதாக வந்தேன். ஒரு விலா எலும்பில் விரிசல். எப்படி என்று டாக்டர் கேட்டார், உள்ளதைச் சொன்னேன்.

வண்டியை அங்கேயே இரும்புக்கு இழுத்துப்போனார்கள். நோட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், அது உனக்கு வேண்டும். ஒரு பக்கமும் கிழிக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் இருபதாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். என் கையெழுத்து உன்னுடையதுபோல் அழகாக இருக்காது, ஆனால் அழிக்காதே.

"2002 ஆகஸ்ட் 17. மாறிய பாகம்: எல்லாம். காரணம்: டெல்மா."