கேம் பாயும் பாவுக் கழியும்

காமாட்சி துணை
காஞ்சிபுரம்,
18.8.2024

அன்புத் தம்பி இளங்கோவனுக்கு,

அக்கா ரேவதி எழுதுவது. நீயும் ஜெயப்ரியாவும் பெங்களூரில் குறையில்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் பக்கத்து வீட்டு மேரி கைக்குப் பத்திரமாக வந்தது. இனியும் அவள் முகவரிக்கே எழுது. என் போன் உன் மாமாவிடம்தான் இருக்கிறது. யார் பேசினாலும் ஸ்பீக்கரில் போட்டு அவரும் கேட்பார்.

நம் பழைய வீடியோ கேம் பெட்டி, அந்தக் கேம் பாயைப் பற்றி நீ புத்தகம் எழுதுவதைச் சொன்னதும் மேரி, "விளையாட்டு சாமானுக்கெல்லாமா சரித்திரம்?" என்று சிரித்தாள். "கோயிலுக்குத் தல புராணம் இருக்குதுல்ல, அந்த மாதிரி" என்றேன்.

நீ கேட்ட தேதி என் பழைய நோட்டில் இருக்கிறது. குவைத்தில் சண்டை மூண்டு சித்தப்பா நம் வீட்டு வாசலில் வந்து நின்றது 1990 செப்டம்பர் 21, வெள்ளிக்கிழமை. கையில் பாஸ்போர்ட்டும் அந்தச் சாம்பல் நிறப் பெட்டியும் மட்டும். வழியில் ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவருடைய முன்பல் இரண்டைப் பெயர்த்துவிட்டான். பெட்டியை ரேடியோ என்று நினைத்துத் திருகிப் பார்த்து, பாடவில்லை என்று அவர் மடியிலேயே எறிந்துவிட்டானாம்.

அப்போது உனக்குப் பத்து வயது, எனக்குப் பதினாறு. எட்டாவதோடு நின்றுபோன நான் ஆங்கிலம் எழுத்துக்கூட்டியது அதன் பொத்தான்களுக்குக் கீழே இருந்த 'ஸ்டார்ட்', 'செலக்ட்' பார்த்துத்தான். கட்டைகள் விழும் ஆட்டத்தில் நான் ஜெயித்தால் நீ என் கையைக் கடிப்பாய்.

பெட்டி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. 1996-இல் பொங்கல் வரிசை கொண்டுவந்தபோது நீ விட்டுவிட்டுப் போனது. படம் எடுக்க வேண்டும், கூரியரில் அனுப்பு என்கிறாய். நீயே வந்து வாங்கிக்கொண்டு போயேன். பெங்களூர் என்ன சீமையா? ஐந்து மணி நேரம்.

வேறு சேதி: ஆடிக் கிருத்திகையிலிருந்து எனக்கு இடது காது கேட்பதில்லை. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. தெருவில் பட்டு நூலை விரித்துப் பாவு போடும்போது உன் மாமா பிடிக்கும் கழி இருக்கிறதே, அதைக் கொண்டு காதோடு ஒரே அடிதான். இரண்டு நாள் ரத்தம் வந்து நின்றுவிட்டது. மகள் சந்தியா ஏனாத்தூரில் எம்.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் படிக்கிறாள். நன்றாகப் படிக்கிறாள்.

உன் அக்கா,
ரேவதி

பெங்களூர்,
29.8.2024

அன்புள்ள அக்கா,

காது விஷயம் படித்துக் கஷ்டமாக இருந்தது. நல்ல டாக்டரிடம் காட்டு. தள்ளிப்போடாதே.

நீ தந்த தேதி எனக்குத் தங்கம். முதல் அத்தியாயம் முடித்துவிட்டேன். ஜப்பானில் அதைச் செய்த கம்பெனி முதலில் சீட்டுக்கட்டுதான் செய்துகொண்டிருந்தது. அங்கே இயந்திரங்களைப் பராமரிக்கச் சேர்ந்த ஒருவர், ரயிலில் யாரோ ஒருவன் பொழுது போகாமல் கால்குலேட்டரைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தாராம். அதிலிருந்து 1980-இல் உள்ளங்கை விளையாட்டு பிறந்தது. 1989 ஏப்ரலில் கேம் பாய். போட்டிக்கு வந்தவர்கள் வண்ணத் திரை வைத்தார்கள். அது பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துவிடும். இதுவோ மங்கலான பச்சைத் திரையோடு நான்கு பென்சில் பேட்டரியில் நாளெல்லாம் ஓடும். பழகிய, மலிவான உதிரிகளைக் கொண்டு புதிதாக ஒன்று செய்வது அந்தப் பொறியாளரின் கொள்கை.

இதைக் கேள். வளைகுடாப் போரில் ஒரு படைமுகாமில் குண்டு விழுந்து ஒரு கேம் பாய் எரிந்துபோனது. முகப்பெல்லாம் உருகிக் கருகிவிட்டது. மின்சாரம் கொடுத்தால் ஓடியது! நியூயார்க்கில் கம்பெனியின் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வருஷக்கணக்காக அதை வைத்திருந்தார்கள். ஜனங்கள் நின்று பார்த்துப் போவார்கள்.

எழுதும்போது உன் நினைவு வந்தது அக்கா. எவ்வளவு தாங்கியிருக்கிறாய். நீயும் அப்படித்தான். புத்தகத்தை உனக்கே சமர்ப்பணம் செய்யப்போகிறேன்.

பாசமுள்ள தம்பி,
இளங்கோவன்

காமாட்சி துணை
காஞ்சிபுரம்,
12.9.2024

தம்பி இளங்கோவனுக்கு,

உன் கடிதத்தை மேரி வீட்டில் உட்கார்ந்து மூன்று தரம் படித்தேன். மூன்றாம் தரம் கோபம் வந்தது.

அடிபட்டதைக் கண்ணாடிக்குள் வைத்து எல்லாரும் ஆச்சரியப்படுகிறார்கள். அந்த முகாமில் படுத்திருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று நீ எழுதவே இல்லை. நான் ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குப் பெருமை. ஓடாமல் நின்றிருந்தால் மாலையோடு வந்திருப்பாய்.

1996 பொங்கலன்று நடந்ததை நீ எழுதமாட்டாய். நான் எழுதுகிறேன். வரிசையில் வெண்கலப் பானை வரவில்லை என்று சமையலறையில் உன் மாமா என் முடியைச் சுற்றிப் பிடித்து அம்மியில் மோதினார். நீ முன்அறையில் விளையாடிக்கொண்டிருந்தாய். "இளங்கோ!" என்று கூப்பிட்டேன். உடனே பெட்டியின் பாட்டு பெரிதாகக் கேட்டது. பக்கத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தை நீ திருப்பினாய். அப்புறம் பெட்டியைக் கூட எடுக்காமல் பஸ்ஸுக்கு ஓடினாய். பதினாறு வயதுப் பிள்ளை, பயந்திருப்பாய். அதை அப்போதே மன்னித்துவிட்டேன். இப்போது உனக்கு நாற்பத்து நாலு.

நவராத்திரி வருகிறதே என்று நேற்றுப் பாத்திரங்களைத் தேய்த்தேன். ஆயுத பூஜைக்கு என்னென்ன வைப்போம் என்று மனதில் ஓடியது. ராட்டை, கத்தரி, அரிவாள்மனை, அந்தக் கழி. கை நின்றுவிட்டது தம்பி. இருபத்தொன்பது வருஷம் நானே அதைக் கழுவிச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டியிருக்கிறேன். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் வரை யாரும் தொடமாட்டார்கள். உன் மாமாவும் அதில் ரொம்ப ஆசாரம். வருஷத்தில் அந்த ஒரு நாள் கழிக்கும் ஓய்வு, எனக்கும் ஓய்வு.

இந்த வருஷம் அதற்குப் பொட்டு வைக்கப்போவதில்லை. உன் பெட்டியை வைக்கப்போகிறேன். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தது அதுதான். அன்றைக்கு நீ வந்து பக்கத்தில் இரு. வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

அக்கா,
ரேவதி

பெங்களூர்,
25.9.2024

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் என்னைத் தூங்கவிடவில்லை. சத்தத்தைக் கூட்டியது எனக்கு நினைவில் இல்லை. நீ சொன்னால் இருக்கும்.

பூஜை விஷயத்தில் மட்டும் பிடிவாதம் வேண்டாம். சந்தியா கல்யாணம் முடியட்டும், அதுவரை அனுசரித்துப் போ. பதிப்பகத்துக்கு அக்டோபரில் கையெழுத்துப் பிரதி கொடுக்க வேண்டும், இப்போது நகர முடியாது. தீபாவளிக்கு வந்து மாமாவிடம் பக்குவமாகப் பேசுகிறேன்.

பெட்டியின் முதுகில் ஒரு எண் இருக்கும். முடிந்தால் எழுதி அனுப்பு.

தம்பி,
இளங்கோவன்

காமாட்சி துணை
அரசு மருத்துவமனை, காஞ்சிபுரம்,
14.10.2024

தம்பிக்கு,

நான் சொல்லச் சொல்லச் சந்தியா எழுதுகிறாள். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது.

ஆயுத பூஜை வெள்ளிக்கிழமை காலையில், சொன்னபடியே செய்தேன். உன் மாமா குளித்து விபூதி இட்டுக்கொண்டு வந்து வரிசையைப் பார்த்தார்.

"இன்னாடி, கழி எங்க?"

"மூலையில இருக்குது."

"ஏன் பூஜையில வைக்கல?"

"அது தொழிலுக்குப் போற நேரத்தவிட என்னை அடிக்கிற நேரம்தான் ஜாஸ்தி. அதுக்கு நான் ஏன் கும்பிடு போடணும்?"

சிரித்தார். அந்தச் சிரிப்பு தெரிந்ததால் சந்தியா, "மேரி அத்தை!" என்று வாசலுக்கு ஓடினாள்.

"பொட்டு வெச்சிருந்தா இன்னிக்கு அது பாட்டுக்குக் கிடந்திருக்கும். நீதான் வைக்கல. அப்புறம் அதுக்கு இன்னாத்துக்கு லீவு?"

அந்தக் கணக்கு எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு இருந்த ஒரே ஓய்வு நாளை நானே அழித்திருந்தேன். முதல் அடி மணிக்கட்டில். கரும்பு முறிகிற மாதிரி சத்தம். இரண்டாவது தோளில். விளக்கு கவிழ்ந்து எண்ணெய் ஓடியது. சந்தியா திரும்பி வந்து குறுக்கே விழுந்தாள். மூன்றாவது அவள் முதுகில் விழுந்தது. அவளை அவர் அடித்தது அதுதான் முதல் தரம். நாலாவதுக்கும் கழியை அவள் மேலேயே ஓங்கினார்.

இடது கைக்குக் கிடைத்தது பெட்டிதான். சந்தன ஈரத்தில் வழுக்கியது. இறுக்கிப் பிடித்து அவர் மூக்கில் ஒன்று வைத்தேன். புருவத்தில் இரண்டு. பேட்டரி மூடி கழன்று நாலும் தரையில் உருண்டன. அவர் வெற்றிலைத் தட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் ரத்தம்.

"சாமி முன்னாடி புருஷன் மேல கைய வெக்கிறியாடி?"

"இத்தினி வருஷம் நீங்க யார் முன்னாடி வெச்சீங்க?" என்றேன். நான் நிறுத்தவில்லை தம்பி. இன்னொரு தரம் ஓங்கினேன். மேரிதான் வந்து கையைப் பிடித்தாள். "போதும்க்கா, செத்துடப் போறாரு." அவள் வராவிட்டால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். பூஜையில் வைத்ததை அன்றைக்கே எடுத்த பாவத்துக்கு மட்டும் அம்மனிடம் மன்னிப்புக் கேட்டேன். மற்றதற்குக் கேட்கவில்லை.

மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். அவரும் எதிர்ப்புகார் கொடுத்திருக்கிறார், புருவத்தில் ஆறு தையல். நான்தான் வெறி பிடித்து அடித்தேன், அதற்குமுன் இந்த வீட்டில் ஒன்றுமே நடந்ததில்லை என்கிறார். மகள் தாய் பேச்சைத்தான் பேசுவாள், மேரிக்குத் தன்னோடு சாக்கடைத் தகராறு என்கிறார். இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டார்: "கல்யாணம் ஆன புதுசுல யாராவது பாத்திருக்காங்களாம்மா? கூடப் பொறந்தவங்க?"

ஆரம்பத்திலிருந்தே நடந்தது என்று சொல்ல நீ ஒருவன்தான் இருக்கிறாய். 28-ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இரண்டு தரப்பையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். 1996 பொங்கலன்று காதில் விழுந்ததைச் சொல். அவ்வளவுதான் கேட்கிறேன். நீ சொல்லாவிட்டால் நானும் அவரும் ஒரே மாதிரி அடித்துக்கொண்டவர்களாகிவிடுவோம்.

அக்கா

பெங்களூர்,
20.10.2024

அக்கா,

படித்துவிட்டு அழுதேன். ஜெயப்ரியாவும் அழுதாள். 28-ஆம் தேதி கட்டாயம் வருகிறேன். காலை ஆறு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் போடுகிறேன்.

பெட்டி ரொம்ப உடைந்துவிட்டதா? திரை போனாலும் பரவாயில்லை, உள்ளே இருக்கும் போர்டைத் தூக்கிப் போட்டுவிடாதே.

தம்பி

காமாட்சி துணை
3.11.2024

இளங்கோவனுக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருக்கும்.

28-ஆம் தேதி பத்திலிருந்து மாலை நாலு வரை நானும் சந்தியாவும் மேரியும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஆறு மணி பஸ் என்றால் பதினொன்றரைக்கு வந்துவிடுவாய் என்று இன்ஸ்பெக்டர் அம்மாவிடம் நானே சொல்லி நேரம் கேட்டேன். அவரும் பொறுத்தார். பன்னிரண்டுக்கு மேரி வெளியே போய் நின்றாள். ஒவ்வொரு ஆட்டோ நிற்கும்போதும் எழுந்து பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை.

இரண்டு மணிக்கு உன் மாமா தன் போனை நீட்டினார். முந்தின நாள் நீ அவரிடம் பேசியதைப் பதிவு செய்து வைத்திருக்கிறார். ஸ்பீக்கரில் போட்டார். "அக்காவுக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திதான் மாமா. நான் எதையும் பாக்கல. கேஸெல்லாம் வேணாம், பேசித் தீத்துக்கலாம்." உன் குரல். எனக்கு ஒரு காதுதான் கேட்கிறது, அதில் நன்றாகவே கேட்டது.

பார்க்கவில்லை என்று சொன்னது பொய்யில்லை. நீ பார்க்கவில்லைதான்.

சந்தியா எழுந்து முதுகுத் துணியை விலக்கி இன்ஸ்பெக்டர் அம்மாவுக்குக் காட்டினாள். அவளுக்கு ஆறு வயதிலிருந்து நினைவில் இருப்பதை நின்றபடியே ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஒன்றரை மணி நேரம். நான் எந்த நோட்டிலும் எழுதாததெல்லாம் அவளிடம் இருந்தது. இரண்டு வழக்கும் பதிவாகியிருக்கின்றன, அவர் மேல் ஒன்று, என் மேல் ஒன்று. என் மேல் போட்டதை நான் மறுக்கவில்லை. அடித்தேன் என்றுதான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கோர்ட்டில் பார்த்துக்கொள்வேன்.

நீ கேட்ட பெட்டி காவல் நிலையத்தில் துணி உறையில், அரக்கு முத்திரையோடு இருக்கிறது. போர்டு வேண்டுமானால் அங்கே மனு கொடு.

புத்தகத்தில் என் பெயரைப் போடாதே.

நானும் சந்தியாவும் வேறு இடத்துக்கு வந்துவிட்டோம். மேரி வீட்டுக்கு எழுதினால் அவள் வாங்கமாட்டாள், சொல்லிவிட்டேன். இந்தக் கடிதத்தின் தலைப்பில் ஊரும் தெருவும் இல்லை. எழுத மறந்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

ரேவதி