மேற்படி என்று எழுதியவள்

இன்று காலை என் கையெழுத்தைப் பார்த்து நானே திடுக்கிட்டேன். பஸ் கேட்டு நாங்கள் கொடுத்த மனுவை விசாரிக்க விருதுநகரிலிருந்து ஓர் அதிகாரி அம்மாள் வந்திருந்தார். பையிலிருந்து பழைய படிவத்தின் நகலை எடுத்து நீட்டினார். "வேலைக்கு எப்படிப் போகிறீர்கள்?" என்ற கேள்விக்கு முதல் வரியில் "கம்பெனி வண்டி" என்றிருந்தது. கீழே கடைசி வீடு வரைக்கும் மேற்படி, மேற்படி.

"பஸ் தேவையில்லன்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களேம்மா. எழுதினவங்க தப்புன்னு எழுதிக் குடுத்தா மறுபடி பாக்கலாம்" என்றார். தன்மையாகத்தான் சொன்னார். "ஆபீஸ்ல எவனோ எழுதுன பொய்யி அது" என்று நம் பெண்கள் பாய்ந்தார்கள். நான் என் எழுத்தென்று சொல்லாமல் நகலை மடித்து அவரிடமே கொடுத்துவிட்டேன்.

ஓடைக்கரையிலிருந்த நம் தெருவை எடுத்துவிட்டு மாற்று வீடு தரப்போவதாகக் கணக்கெடுத்தார்களே, அன்றைக்கு எழுதியது. பைண்டிங் ஆபீசில் வேலை பார்த்ததால் தெருவின் எழுத்து வேலையெல்லாம் என் தலையில்தான். அடுத்த வீட்டுக்காரியான நீ நாரணாபுரத்துப் பட்டாசு ஆலையிலிருந்து நேரே வந்து உட்கார்ந்தாய். விரல் இடுக்கெல்லாம் வெள்ளிப் பொடி.

"ஏ புள்ள, சீசன்லதான் வண்டி வரும். மத்த நாளு பஸ்ஸு, பஸ்ஸ விட்டா நடை. அம்புட்டையும் எழுது" என்றாய்.

"வண்டின்னு போட்டாத்தான் நிலையான வேலைன்னு நெனைப்பாக. வீடும் சட்டுன்னு கெடைக்கும்" என்றேன். எனக்கு எல்லாம் தெரியும் என்ற திமிர். நீ "என்னமோ, நீ சொன்னா சரி" என்று எழுந்து போனாய்.

வீடு கிடைத்தது. வீட்டைக் குறை சொல்லமாட்டேன், குழாயும் கக்கூசும் உள்ளேயே இருக்கின்றன. பைண்டிங் வேலை பார்த்த பாய் குடும்பம், மாதா படம் வைத்த வீட்டுக்காரர்கள், மல்லாங்கிணற்றில் மழை பொய்த்துப் பிழைக்க வந்தவர்கள் என்று தெருவே ஊருக்கு வெளியே இந்த ஒரே கட்டடத்துக்கு வந்தது. கம்பெனி வண்டிதான் வரவில்லை. பழைய தெருமுனையோடு அது திரும்பிப் போய்விட்டது.

மெயின் ரோடு வரை விடியுமுன் நடந்து நடந்தே உன் முழங்கால் போயிற்று. உனக்கு விழுந்ததோ மூன்றாவது மாடி. உன் மகள் வேலைக்குப் போனபின் நாள் முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஏன் கீழே வருவதில்லை என்று கேட்டேன். "எறங்குனா ஏறணும்ல, அதான் எறங்குறதில்ல" என்று சிரித்தாய். இன்னொரு நாள், "நம்மள யாரு புள்ள இங்கன கொண்டாந்து அடைச்சது?" என்று கேட்டாய். உன்னோடு சேர்ந்து அதிகாரிகளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அப்போது எனக்கு அந்தப் படிவம் சத்தியமாக நினைவில்லை. நம்புவாயா?

கடைசியில் உன்னை நாற்காலியில் வைத்துத்தான் கீழே இறக்கினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

இப்போது வீடுகள் காலியாகின்றன. பாய் பூட்டிக்கொண்டு டவுனில் ஒற்றை அறைக்குப் போய்விட்டார். பஸ் இல்லாததால் குடியிருக்க ஆள் நிற்பதில்லை. ஆள் இல்லாத இடத்துக்கு எதற்குப் பஸ் என்று நாளைக்குக் கேட்பார்கள். நேரத்துக்குப் போக முடியாமல் எனக்கும் வேலை போய்விட்டது. டவுன் வாடகைக்கு என் கை எட்டாது. போக இடமுமில்லை, இருக்க வழியுமில்லை.

சாயங்காலம் எல்லோரும் என் வீட்டுக்கு வந்தார்கள். "நீதான நல்லா எழுதுவ. ஆபீஸ்காரன் பொய் எழுதிட்டான்னு போட்டு ஒரு மனு எழுது" என்றார்கள். பேனாவை எடுத்தேன். 'ஆபீஸ்காரன்' என்று தொடங்கி, அடித்தேன். கடைசியில், "அந்தப் படிவத்தை எழுதியது நான்தான், எழுதியது தவறு" என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

உன் மகள் மட்டும், "அன்னைக்கு அத எழுதும்போது எங்கம்மா என்ன சொன்னா சித்தி?" என்று கேட்டாள்.

நீ சொன்னதை அப்படியே சொன்னேன். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"அதயும் எழுதுங்க" என்றாள். எழுதினேன். கையெழுத்துப் போட்டாள். பேனாவை என் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மனு நாளைக்குப் போகும். பஸ் வருமோ வராதோ, தெரியாது. நான் உனக்குச் செய்ததை இனி நமக்குள் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. இந்தக் கட்டடத்துக்கு இருப்பது ஒரே படிக்கட்டு. விடிந்தால் உன் மகளும் நானும் அதில்தான் இறங்கியாக வேண்டும்.